மென்மையான பொருட்கள்

"மென்மையான பொருட்களைத்
தாழ்வாரத்தில் வைக்காதீர்"
என்று அச்சாகியே வந்துவிட்டது.
நான்கு மொழியில் கடைசி வரி நம்முடையது,
பிழையும் கடைசியில்தான் கண்ணில் படும்.

ஆங்கிலத்தில் ஓரெழுத்துப் பிசகு.
பொறி பட்டால் பிடித்துக்கொள்வதை
மென்மையானது என்று வாசித்திருக்கிறது
இரவெல்லாம் தூங்காத இயந்திரம்.
காலை பத்துக்குள் திருத்தித் தரவேண்டும்.
சொல்லுக்குப் பதினெட்டுக் காசு.
"ஒரு சொல்தானே மேடம்" என்கிறார்
தொலைபேசியில் ஃபிர்தவ்ஸ்.
ஒரு சொல்தான்.

தீமூட்டி என்று எழுதினேன்.
அது பொருளா, ஆளா?
எட்டாவது மாடியில் பழைய சோபா எரிந்த மறுநாள்
போலீஸ் தேடியதும் ஒரு தீமூட்டியைத்தான்.
அடித்தேன்.
எரிபொருள், காருக்கு.
விறகு, நெருப்பு நிலைத்த பிறகு வருவது.
எனக்கு வேண்டியது அதற்கும் முந்திய கணம்,
பொறி வந்து உட்காரும் இடம்.

சருகு என்றால்
காலை ஏழுக்குள் மொனிர் கூட்டி அள்ளிவிடுகிறார்.
செத்தை என்றால் பாதிப் பேர்
யார் செத்தது என்பார்கள்.
கொள்ளி வேண்டாம்.
வாசலில் அந்தச் சொல் வேண்டாம்.
ஞெலிகோல், எவ்வளவு அழகு,
எழுத்துரு கிடைக்கும், நாக்குக் கிடைக்காது.

பக்கத்து மேசைப் பிரணதி எட்டிப் பார்த்தாள்.
"அந்தப் பேர்ல ஒரு செயலி இருக்கே, அக்கா.
மூணு மாசமா விரல் தேயத் தேய்க்கிறேன்,
ஒரு பொறி வரணுமே!"
மூங்கிலைத் தேய்த்தவனுக்கும்
உள்ளங்கை காய்த்திருக்கும் என்றேன்.
அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

சுள்ளி.
சொன்னதும் நுனிநாக்கில் சுள்ளென்றது.
இதுதான் என்று அகராதியை மூடப் போனால்
அடுத்த வரியில்
சுள்ளி ஒரு பூ என்றிருக்கிறது,
அதற்கடுத்து, ஒரு பேராறு.
எரிய வேண்டிய சொல்லுக்குள்
இத்தனை ஈரத்தை யார் ஊற்றி வைத்தது?
அதுவும் இந்த ஊரில்,
உப்பே டப்பாவுக்குள் அழுகிற ஊரில்.

இரவு பதினொன்றுக்குக் கதவைத் திறந்து
தாழ்வாரத்தைப் பார்த்தேன்,
பிடோக் வடக்கு, பதினோராவது மாடி.
கெக் லான் வீட்டு வாசலில்
கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள்,
கிலோவுக்குச் சில காசு.
ஹம்சவேணி வீட்டுத் தள்ளுவண்டி,
பையனுக்கு ஏழு வயது நடக்கிறது,
வண்டி ஏன் இன்னும் என்று
யாரும் கேட்பதில்லை.
நிலைப்படியில் போன தீபாவளி மாவிலை,
தொட்டால் நொறுங்கும்.
என் வாசலில் ஒரு பிரம்பு நாற்காலி.
எடுத்துப்போக வருகிறேன் என்று சொல்லி
ஒன்றரை வருடம்.
உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்த இடத்தில்
இப்போது தூசி உட்கார்ந்திருக்கிறது.

எட்டாவது மாடியில் முதலில் பிடித்தது
மரச்சட்டம் இல்லையாம்.
பஞ்சு.

இயந்திரம் தப்பாகத்தான் சொன்னது.
நான் அந்த வரியை
இன்னும் ஒரு தடவை வாசித்தேன்.

"எளிதில் தீப்பற்றும்" என்று அனுப்பினேன்,
ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு.
"ரெண்டு சொல்லா?" என்றார் ஃபிர்தவ்ஸ்.
முப்பத்தாறு காசு.

புதிய தாள்கள் எல்லா மாடிக்கும் வந்தன,
எங்கள் மின்தூக்கி அருகே மட்டும்
பழையது அப்படியே.
பசை நன்றாய்ப் பிடித்திருக்கிறது.
பிய்க்கலாம் என்று நகத்தை வைத்தேன்,
ஒரு மூலை கிளம்பியது,
விட்டுவிட்டேன்.

பின்னால் கெக் லான்,
கையில் புதிதாய் மூன்று பெட்டி.
"உங்க வரி மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?"
"ஈரம்" என்றேன். "காய நேரமாகும்."
புரிந்தாற்போல் தலையாட்டி
தன் கட்டை
அரை அடி உள்ளே தள்ளிவைத்தார்.

நாற்காலி அங்கேயே இருக்கிறது.
இன்று வெயில்,
சுள்ளென்று,
அதன்மேல்.